நான்கும் ஐந்தும்

சின்னக் கைக்காரர்களுக்குத்தான் நன்றாக விரல் போட வரும், டாக்டர். பெரிய கை இருப்பவன் எங்கே வேண்டுமானாலும் எட்டிப் பிடித்துவிடுவான். அவனுக்கு யோசிக்கவே அவசியமில்லை. எட்டாதவன்தான் வழி தேடுவான். என் கையைப் பாருங்கள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் எவ்வளவு விரித்தாலும் பியானோவில் ஏழு கட்டைக்கு மேல் போகாது. எட்டாவது கட்டை எனக்கு அடுத்த வீடு மாதிரி. சத்தம் கேட்கும், போக முடியாது.

விரல் போடுவது என்றால் என்னவென்று தெரியாமல் நீங்கள் விழிப்பது தெரிகிறது. பெரிய விஷயமில்லை. பியானோவில் எந்தக் கட்டையை எந்த விரலால் அழுத்துவது என்று முன்கூட்டியே முடிவுசெய்து, இசைத்தாளில் அந்தந்தச் சுரத்தின் தலைமேல் பென்சிலால் எண் எழுதிவைப்பது, அவ்வளவுதான். கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து. இரண்டு கைக்கும் அதே கணக்கு. இத்தனை கட்டைக்கு இருப்பதோ பத்தே விரல். துணி குறைவாக இருக்கும்போதுதான் தையல்காரனின் சாமர்த்தியம் தெரியும்.

என்னைப் பிள்ளைகள் ‘விரல் டீச்சர்’ என்பார்கள். நேரில் இல்லை, படியிறங்கும்போது. மற்ற டீச்சர்கள்கூடத் தங்கள் மாணவர்களின் தாள்களை என்னிடம் கொடுத்தனுப்பி விரல் போட்டு வாங்கிக்கொள்வார்கள். கையைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும், இதற்கு எது சுலபம், எது கஷ்டம், எது ஆகவே ஆகாது என்று. பெருமைக்குச் சொல்லவில்லை. காரியம் இருக்கிறது, சொல்கிறேன்.

சற்றுமுன் என் தங்கையின் கையைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டீர்கள்: “உங்க குடும்பத்துல வேற யாருக்காவது கை இப்படி ஆகியிருக்கா?” இல்லை என்றேன். நீங்கள் தலையாட்டிவிட்டு ஏதோ எழுதினீர்கள். எதிரே உட்கார்ந்து பிள்ளைகளின் தாளைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலைகீழாகப் படிக்க வரும். ‘பரம்பரை’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். எங்கள் வம்சத்தில் யாருக்கும் கைக்கு ஒரு குறையும் கிடையாது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் கௌரவம். செத்துப்போன பாட்டன் தலையில் கட்டுவது சோம்பேறித்தனம். கோபித்துக்கொள்ளாதீர்கள். தப்பைக் கண்டால் திருத்தாமல் இருக்க எனக்கு வராது.

அந்தக் கதவு கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். நான்தான் அப்படி விட்டுவைத்தேன். உருண்டைக் கைப்பிடி, என் தங்கையால் அதைத் திருக முடியாது. சாத்திவிட்டால் வெளியே நின்று யாரையாவது கெஞ்ச வேண்டும், அவளுக்கு அது பிடிக்காது. உங்கள் ஆஸ்பத்திரி வாசல் கதவைப் பார்த்து அவளுக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? ஆள் போய் நின்றதும் கண்ணாடி தானாக விலகுகிறதே, அது. “அக்கா, இங்க எனக்குக் கதவு தானா தொறக்குது பாரு” என்று வெளியே போய்ப் போய் உள்ளே வந்தாள். முப்பது வயதுப் பெண். சின்னதிலேயே அப்படித்தான். அதனால்தான் வாலு என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

நீங்கள் மணியைப் பார்க்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு ஒரு சலவைக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. பகலெல்லாம் இஸ்திரி ஆவி ஜன்னலில் ஏறி வரும். வாத்தியத்துக்கு ஈரம் ஆகாது. ஆனாலும் வேறு வீட்டுக்குப் போக வழியில்லை, பியானோவை இறக்க முடியாது. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனது அது. படி திரும்பும் இடத்தில் வீட்டுக்காரர் ஒரு கழிவறையைக் கட்டிவிட்டார், அதற்குப் பிறகு பியானோ மேலேயே மாட்டிக்கொண்டது. “ஆனை மாதிரி நிக்குது, ஓட்டவும் முடியல, கட்டி மேய்க்கவும் முடியல” என்று அம்மா திட்டுவாள். அந்த ஆனையில்தான் நான் கற்றுக்கொண்டேன். இசைக் கல்லூரியில் சேர நேர்முகத்துக்குப் போனபோது வாசித்து முடிக்கக்கூட விடவில்லை. “கை சின்னதா இருக்கேம்மா, வேற வாத்தியம் எதாவது பாக்கலாமே” என்றார் ஒருவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. நல்ல மனிதர்தான். உண்மையைத்தானே சொன்னார்.

அப்பா என்று ஒருவர் இருந்தார், போய்விட்டார். எனக்கும் தங்கைக்கும் பதினைந்து வயது வித்தியாசம். அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய வருஷம் அம்மா இறந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேச்சு குழறிவிட்டது, ஆனாலும் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொன்னாள்: “அவ கையை மட்டும் விட்டுறாதடி.” நான் விடவில்லை. எனக்கும் ஒருவர் இருந்தார், கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தோம். ஒரு நாள், “பாப்பாவை ஹாஸ்டல்ல சேத்துட்டா என்ன?” என்று கேட்டார். அன்றோடு சரி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டே பேர்தான்.

வாலுவுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். முதல் பாட்டுக்கு முதல் எண்ணைப் போட்டவள் நான். நல்ல விரல் என்றால் என்ன என்று கேட்டால், கை திரும்புவது கைக்கே தெரியக்கூடாது. கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் பூனை மாதிரி நுழைந்து அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். அதைவிட முக்கியம், எந்த விரலைப் போட்டாலும் முதல் நாளே சரியாகப் போட வேண்டும். ஒரு தடவை கையில் படிந்துவிட்டால் போகாது. அழித்துவிட்டு வேறு எண் எழுதலாம், வீட்டில் சரியாகவே வாசிக்கலாம். சபையில் போய் உட்கார்ந்து பயம் வந்ததும் புத்தி கழன்றுகொள்ளும், கை மட்டும் மிஞ்சும், கைக்குப் பழையதுதான் தெரியும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பதை யாரோ பியானோக்காரன்தான் சொல்லியிருக்க வேண்டும்.

என் தங்கைக்குக் கடவுள் கொடுத்த கை. எனக்கு ஏழு கட்டை என்றால் அவளுக்குப் பத்து. வளர வளர என் பக்கத்தில் உட்கார்ந்து என் கைமேல் தன் கையை வைத்து அளந்து பார்ப்பாள். “அக்கா, உன் கை என் கைக்குள்ள ஒளிஞ்சுக்குச்சு.” சிரிப்பேன். உள்ளுக்குள் என்னவோ செய்யும். பொறாமை என்று நீங்கள் எழுதப் போகிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் இருந்தது. அது மட்டும் என்றால் சமாளித்திருப்பேன்.

அவளுக்குப் பதினைந்து வயதானபோது ஒரு பியானோத் தேர்வுக்குக் கூட்டிப்போனேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், ஒரு பெண்மணி, முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்து வந்து தாளைப் பார்த்தார். “இதுக்கு யாரு விரல் போட்டது? ரொம்பப் புத்திசாலித்தனமா இருக்கு. ஆனா இது சின்னக் கைக்கு வெட்டித் தச்ச சட்டை. இந்தப் பொண்ணுக்கு எல்லா இடத்துலயும் புடிக்குது.” என்னிடம் கோபமில்லாமல்தான் சொன்னார். அடுத்த வருஷம் கல்லூரிக்கு அனுப்புங்கள், அங்கேயே தங்கிப் படிக்கட்டும், இடம் நான் வாங்கித் தருகிறேன், ஒரு தடவை வந்து வாசித்துக் காட்டினால் போதும் என்றார்.

பேருந்தில் வரும்போது வாலுவுக்கு வாய் மூடவில்லை. ரெண்டு பேருக்கு ஒரு ரூமாம். ஒவ்வொரு ரூமிலும் ஒரு பியானோவாம். ராத்திரி ஒன்பது மணிவரை வாசிக்கலாமாம், கீழ்வீட்டுக்காரன் துடைப்பக்கட்டையால் கூரையை இடிக்கமாட்டானாம். கடைசியில்தான் என் ஞாபகம் வந்தது. “நீ அப்பப்ப வந்து வந்து பாத்துட்டுப் போக்கா.” நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் என்ன நடக்கும் என்று வரிசையாகத் தெரிந்தது. பெட்டி கட்டுவேன், பேருந்து ஏற்றுவேன், திரும்பி வந்து ஒரு தட்டு மட்டும் கழுவுவேன். பயம் டாக்டர். என் வயசுக்காரிகளெல்லாம் பிள்ளை குட்டி என்று இருக்க, நான் அந்த ஆனையோடு தனியாக உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை.

அந்த வாரம் அவளுடைய தாள்களில் இருந்த என் எண்களையெல்லாம் அழித்தேன். தேர்வாளர் சொன்னது நியாயம், இனி பெரிய கைக்கு விரல் போடுகிறேன் என்றேன். “அக்கா போட்டாச் சரியாத்தான் இருக்கும்” என்று ரப்பர்த் தூளைத் தானே ஊதித் தள்ளினாள்.

இங்கே ஒரு சின்னப் பரீட்சை செய்யுங்கள். விரல் நுனிகளை மேசைமேல் வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொள்ளுங்கள். இப்போது மோதிர விரலைத் தூக்குங்கள். வரவில்லை, பார்த்தீர்களா? கைக்கு வைத்தியம் பார்க்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மோதிர விரல்தான் எங்கள் கணக்கில் நான்கு. தனியாக எழ முடியாத விரல், அக்கம்பக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழும். ஐந்து, அதைவிடச் சோனி. நல்ல டீச்சர் இந்த இரண்டுக்கும் அளவோடு வேலை கொடுப்பாள், உடனே ஓய்வும் கொடுப்பாள்.

நான் பாட்டில் வலது கை வாசிக்கிற மேல்வரி முழுவதையும் நான்குக்கும் ஐந்துக்கும் கொடுத்தேன். பலமாக அடிக்க வேண்டிய இடங்களையும் அதுகளுக்கே கொடுத்தேன். அந்த நேரமெல்லாம் கட்டைவிரல் கீழே ஒரு கட்டையை ஆணியடித்த மாதிரி அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் மணிக்கட்டு வெளிப்பக்கம் கோணித்தான் ஆகும். கோணிய மணிக்கட்டோடு நான்கும் ஐந்தும் மாறி மாறித் துடிக்க வேண்டும். தாளைப் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பெரிய கை, தைரியமான விரல் என்பார்கள். ஏன் இப்படி என்று கேட்டால் ஒவ்வொரு எண்ணுக்கும் என்னால் காரணம் சொல்ல முடியும். கெட்ட விரலுக்கு நல்ல காரணம் சொல்ல எல்லாருக்கும் வந்துவிடாது.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். முதலில் முழங்கைக்குக் கீழே சுருக்கென்று ஒரு வலி. பிறகு காலையில் எழுந்ததும் விரல் மரத்துப்போயிருக்கும். நான் தினமும் வெந்நீரில் அவள் கையை ஊறவைத்து எண்ணெய் தேய்த்துவிட்டேன். மெதுவாக, ஒவ்வொரு விரலாக. யாரும் யாருக்கும் அப்படிச் செய்திருக்கமாட்டார்கள். “வலிச்சாத்தான்டி வளரும்” என்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவாள். அவ்வளவு நல்ல பெண்.

தெருமுனை டாக்டரிடமும் காட்டினேன், காட்டாமல் இல்லை. அவரும் உங்களைப் போலத்தான், அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார். டாக்டர்களுக்கு ஏன் இந்தப் பழக்கமோ தெரியவில்லை. யாருடைய கையோ அவரிடம் சொல்லமாட்டீர்கள், கூட வந்தவளிடம்தான் சொல்வீர்கள். இரண்டு மாதம் பியானோவைத் தொடவே கூடாது, தொட்டால் கை நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்றார். அந்த அறையின் கதவு சாத்தியிருந்தது. நான் வெளியே வந்து அவள் தோளில் கைபோட்டு, “ஒண்ணுமில்லையாம்டி. தசை இன்னும் பழகலையாம். இப்ப நிறுத்தினா இறுகிப் போயிடுமாம், விடாம வாசிக்கச் சொல்றாரு” என்றேன். நிம்மதியாகச் சிரித்தாள்.

கல்லூரியில் வாசித்துக் காட்டும் நாளில் பாதிப் பாட்டில் அவள் வலது கையில் நான்கும் ஐந்தும் உள்ளே மடங்கிக்கொண்டன. நாய்க்குட்டி சுருண்டு படுப்பது மாதிரி, மெதுவாக. அவள் இடது கையால் அவற்றைப் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி மடங்கின. மூன்று பேர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தேர்வாளர் அம்மாள் எழுந்துபோய் ஜன்னலருகே நின்றுகொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் வாலு என் மடியில் தலையை வைத்து அழுதாள். நானும் அழுதேன். வேஷமில்லை டாக்டர். அவள் தலையைத் தடவிக்கொண்டே, இனிமேல் பெட்டி கட்ட வேண்டியதில்லை என்றும் நினைத்துக்கொண்டேன். இரண்டும் ஒரே நேரத்தில்தான்.

அதன் பிறகு வந்த வருஷங்கள் நன்றாக இருந்தன. அவள் பொத்தானை நான் போட்டுவிடுவேன். தலை பின்னிவிடுவேன். ஜாடி மூடி, பேனா, ஊசி நூல் எல்லாம் என் பொறுப்பு. சின்னப் பிள்ளைகள் பாடத்துக்கு வந்தால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லிக்கொடுப்பாள், வாசித்துக் காட்டுவது நான். சாயங்காலம் பிள்ளைகள் போனதும் இரண்டு பேரும் ஜன்னலில் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்ப்போம், போகிறவர் வருகிறவருக்கெல்லாம் பட்டப்பேர் வைப்போம். சந்தோஷமாக இருந்தோம். நான் இருந்தேன் என்று நீங்கள் திருத்துவீர்கள். சரி, நான் இருந்தேன்.

கெடுத்தவர் சுருதிக்காரர். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பியானோவுக்குச் சுருதி சேர்க்க வருவார். பழைய ஆள் ஓய்வெடுத்துக்கொள்ள, புதிதாக வந்தவர். நெட்டையான ஆள், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. “டீச்சர், இந்தப் பியானோவை எறக்குறதுக்குள்ள பில்டிங்கையே எறக்கிடுவாங்க போல” என்பார். வாலு விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் சொல்லும் ஜோக்குக்கு அவள் அப்படிச் சிரித்ததில்லை. ஒரு நாள் அவர் கம்பியை முறுக்கிக்கொண்டே கேட்டார்: “சின்ன டீச்சர், நீங்க ஏன் வாசிக்கிறதில்ல?” அவள் கையைக் காட்டினாள். அவர், “அட, இதுக்கா? ஒத்தக் கைக்குன்னே எழுதின பாட்டு எவ்வளவோ இருக்கு. சண்டையில கை போனவங்களுக்காக எழுதினது. இடது கை மட்டும் போதும்” என்றார். அடுத்த தடவை ஒரு கட்டுத் தாளோடு வந்தார்.

வாலு மறுபடி உட்கார்ந்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. நான் அடுப்பங்கரையில் நின்று கேட்டேன். சுண்டுவிரல் கீழே அஸ்திவாரம் போடும், கட்டைவிரல் மேலே பாடும், நடுவில் மற்றதுகள் நிரப்பும். பார்க்காமல் கேட்டால் இரண்டு கை என்று சத்தியம் செய்வீர்கள். சலவைக்கடைப் பையன்கள்கூட இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு மாடிப்படியில் வந்து நின்றார்கள். என் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் பார்க்கவில்லை.

பிறகு ஒரு காலையில் தலை பின்னிக்கொண்டிருந்தபோது சொன்னாள். அவர் ஊரில் ஒரு பள்ளிக்கூடம், பியானோ டீச்சர் தேடுகிறார்களாம். அவளைப் பற்றிச் சொல்லியிருக்கிறாராம். அங்கேயே வீடும் தருவார்களாம். “அரை மணி நேரம் வாசிச்சுக் காட்டணுமாம் அவ்வளவுதான். போகட்டுமாக்கா?” நான் பின்னலை முடித்து ரிப்பன் கட்டினேன். முன்பு ஒரு தடவை, வந்து வந்து பார் என்றாளே, இந்தத் தடவை அதையும் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். “தாராளமா போ” என்றேன். அவள் திரும்பி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: “அந்தப் பாட்டுக்கு நீயே விரல் போட்டுக் குடுக்கா. உன்ன மாதிரி யாருக்கும் வராது.”

இந்த இடத்தில் நான் யோசித்தேன். யோசிக்காமல் செய்தாள் என்று யாரும் சொல்லக்கூடாது. தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்து, முதலில் நல்ல விரலைத்தான் போட்டேன். மிக நல்ல விரல். என் வாழ்க்கையில் அதைவிடச் சிறப்பாக எதற்கும் போட்டதில்லை. அந்தக் கைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி, எங்கும் பிடிக்காமல், ஒவ்வொரு தாவலுக்குப் பிறகும் ஒரு இளைப்பாறல். முழுவதும் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். இதை வாசித்தால் அவள் அறுபது வயதுவரைக்கும் வாசிப்பாள் என்று தெரிந்தது. அழித்தேன்.

மற்றது எனக்குப் பழக்கமான வேலைதான். ஒற்றைக் கைப் பாட்டில் இன்னும் சுலபம், ஏனென்றால் ஓய்வு கொடுக்க இன்னொரு கை கிடையாது. கீழ்ச் சுரத்தை ஐந்து பிடிக்க, அதை விடாமல் நான்கு எம்பி எம்பி அடிக்க, கட்டைவிரல் தூரத்தில் இழுத்துப் பிடித்திருக்க. வலது கைக்கு ஒரு வருஷம் பிடித்தது இடது கைக்குச் சீக்கிரமே ஆயிற்று.

ஒரு நாள் வாசிப்பை நிறுத்திவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றாள். “அக்கா, வலிக்குது. அன்னைக்கு வலிச்ச மாதிரியே வலிக்குது.” நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். “அன்னைக்கு டாக்டரு விடாம வாசிக்கச் சொன்னாருன்னு சொன்னியே. நெசமாவே அப்படித்தான் சொன்னாரா?”

“அப்படித்தான்டி சொன்னாரு.”

“இப்பவும் வாசிக்கணுமா?”

“வாசிச்சாத்தானே பழகும்.”

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று நான் ஆராயவில்லை. பிறகு போய் உட்கார்ந்து வாசித்தாள். கடைசிவரை, ஓரிடத்தில்கூட நான் போட்ட விரலை மாற்றாமல். எனக்கு அவள் மேல் அப்போது வந்த பாசத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் தேநீர்க் கோப்பை அவள் இடது கையிலிருந்து விழுந்தது. நான்கும் ஐந்தும் உள்ளே போய்விட்டன. மற்ற மூன்றிலும் பலமில்லை. நீங்கள் பார்த்தீர்கள், ஊசி குத்தினீர்கள், மின்சாரம் வைத்துப் பார்த்தீர்கள். இரண்டு கையும் ஒரே அச்சில் கெட்டிருக்கிறது, இப்படி நான் பார்த்ததே இல்லை, இனி பெரிதாக ஒன்றும் செய்வதற்கில்லை என்றீர்கள். பரம்பரை என்று எழுதினீர்கள்.

இரண்டும் ஒரே அச்சாக இருப்பதற்குக் காரணம், இரண்டையும் செய்தது ஒரே ஆள். அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

போலீசைக் கூப்பிடப்போகிறீர்களா? கூப்பிடுங்கள். என்னவென்று எழுதுவார்கள்? மூன்றாம் விரலால் அழுத்த வேண்டிய இடத்தில் நான்காம் விரல் என்று எழுதினாள் என்றா? நான் அவளை ஒரு நாள் அடித்ததில்லை. ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அந்தக் கையை நான் தொட்டதெல்லாம் எண்ணெய் தேய்க்கத்தான். அவளிடம் நீங்களே சொன்னாலும் நம்பமாட்டாள். அக்கா போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்பாள்.

இனி எல்லாம் ஒழுங்காகிவிடும். சோறு நான் ஊட்டிவிடுவேன். குளிப்பாட்டிவிடுவேன். சுருதிக்காரருக்குச் சொல்லியனுப்பிவிட்டேன், பியானோவுக்கு இனி சுருதி வேண்டாம் என்று. அம்மா சொன்னதை நான் ஒரு நாளும் மறந்ததில்லை. எத்தனை பேர் இப்படி இருப்பார்கள், சொல்லுங்கள். கூடப்பிறந்தவர்கள் ஆளுக்கொரு திசையாகப் போய், சாவுக்கு வந்து தலைகாட்டுகிற காலம் இது.

மறுபடியும் மணியைப் பார்க்கிறீர்கள். இல்லை, கடிகாரம் அந்தப் பக்கச் சுவரில் அல்லவா இருக்கிறது. நீங்கள் இவ்வளவு நேரமும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்களா? அங்கே யார் நின்றார்கள்? நீங்கள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? கொஞ்சம் இருங்கள், நான் பார்க்கிறேன்.

வாலு.

பெஞ்சில் இல்லை. பை இருக்கிறது, சீப்பு இருக்கிறது. செருப்பு இல்லை. அந்த நர்ஸ் பெண், அவள் வாசல் பக்கம் போனாள் என்று கை காட்டுகிறாள், கண்ணாடிக் கதவு திறந்து மூடியதைப் பார்த்தாளாம். அழுதுகொண்டே போனாளா என்று கேட்டால், இல்லையாம். சாதாரணமாகத்தான் போனாளாம்.

பதற்றப்படாதீர்கள் டாக்டர், உட்காருங்கள். ஆள் அனுப்ப வேண்டாம். நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்குச் செருப்பு வாரைக்கூட நான்தான் மாட்டிவிட வேண்டும், எப்படி மாட்டிக்கொண்டாள் என்றுதான் தெரியவில்லை. எவ்வளவு தூரம் போய்விடுவாள்? வந்துவிடுவாள். ஊரெல்லாம் தானாகத் திறக்கிற கதவா இருக்கிறது?